தெரியாது என்று சொன்ன முகம்

ஜனவரி 27, செவ்வாய்

திரும்பவும் இடம் மாறிவிட்டோம். இந்த முறை கடற்கரை மணல். நாலு தடி நட்டுத் தறப்பாளை இழுத்துக் கட்டி, அதற்குள்ளேயே என் கணவர் பதுங்கப் பங்கர் வெட்டியிருக்கிறார். மணல் நின்று பிடிக்கவில்லை, வெட்ட வெட்டச் சரிகிறது. மண் நிரப்பி அடுக்கச் சாக்கும் இல்லை. எல்லாரும் சீலையை வெட்டி மூட்டை தைக்கிறார்கள். நானும் என் கலியாணக் கூறைச்சீலை ஒன்றைத் தவிர மிச்சம் எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன்.

பக்கத்துத் தறப்பாளில் கனகசூரியம் அண்ணை குடும்பம். எங்கள் மன்னார்ப் பக்கத்து ஆட்கள்தான். அண்ணை உழவு மெஷின் திருத்துகிறவர். அவருடைய மனுசி செம்மஞ்சள் பட்டு ஒன்றைக் கத்தரிக்கோலால் கிழித்துக்கொண்டிருந்தா. என்னவர் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இந்தச் சீலையை நான் படம் எடுத்திருக்கிறன் அக்கா. உங்கட மகளின்ர கலியாணத்துக்கு."

அக்கா நிமிர்ந்து பார்த்தா. "ஓம் தம்பி. அல்பம் அங்கயே விட்டாச்சு" என்றா. திரும்பக் கிழித்தா.

எங்கள் படம் பிடிக்கிற ஸ்ரூடியோவில் இருந்து நாங்கள் கொண்டுவந்ததில் மிச்சம் ஒரு கமராவும் ஒரு லென்சும்தான். போன வருஷம், பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த சனத்தின்மேல் குண்டு விழுந்தபோது அங்கே கமராவோடு நின்றவர் இவர் மட்டும். அன்றைக்கு எடுத்த படங்கள் வெளிநாட்டுப் பேப்பர்களில் வந்ததாம். அதற்குப் பிறகு இவர் கலியாணப் படம் எடுக்கப் போகவில்லை. கூப்பிடவும் ஆள் இல்லை. படங்களை யாரிடமோ கொண்டுபோய்க் கொடுக்கிறார், அவர்கள் செய்மதித் தொலைபேசியில் வெளியே அனுப்புகிறார்கள். யார், எங்கே என்று நான் கேட்பதில்லை. படத்துக்குக் கீழே இவர் பேர் வராது. வந்தால் எல்லாப் பக்கத்தாலும் ஆபத்து.

மிச்சத் தறப்பாள் துண்டில் இவருக்கு ஒரு இடுப்புப் பட்டி தைத்துக் கொடுத்தேன். கமராவின் பற்றரி வைக்கப் பக்கத்துப் பக்கத்தில் சின்னச் சின்னப் பைகள். நீலத் தறப்பாள், மேலே என் சிவப்பு நூல். நிரோமி பார்த்துவிட்டு, "அப்பாவுக்கு அரைஞாண் கட்டியாச்சு" என்று சிரித்தாள். ஒன்பது வயதுக்கு வாய் கூட.


ஜனவரி 31, சனி

விறகு ஈரம். புகை. கஞ்சி அடியில் பிடித்துவிட்டது.

காலையில் றோட்டுக்கரையில் செல் விழுந்து வெடித்து ஒரு வயதான ஐயா செத்துக் கிடந்தார். நான் தண்ணீர்க் குடத்தோடு வந்துகொண்டிருந்தேன். இவர் குனிந்திருந்தார். படம் எடுக்கிறார் என்று நினைத்தேன். கிட்டப் போனபோதுதான் கண்டேன், அந்த ஐயாவின் சேர்ட் பட்டன்களைப் பூட்டிக்கொண்டிருந்தார். கழுத்துப் பட்டன் வரைக்கும் பூட்டி, வாயில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்து, பிறகுதான் எழும்பிக் கமராவை எடுத்தார்.

வந்த பிறகு கேட்டேன். "செத்த ஆளுக்கு ஏன் பட்டன் பூட்டுறீங்கள்?"

"ஒரு ஆளைப் படம் எடுக்கிறதெண்டா சரிப்படுத்தாமல் எப்பிடி எடுக்கிறது?"

"அவற்ற ஆக்கள் பாக்கப் போகினமோ?"

"ஆர் கண்டது" என்றார். கஞ்சியைக் குடித்தார். அடிப்பிடித்த மணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.


பெப்ரவரி 5, வியாழன்

நிரோமிக்குப் பேன். கடல் தண்ணீரில் தலை முழுகினால் மயிர் கயிறாகிறது. ஒரு பொழுது முழுக்க அதோடு போனது.


பெப்ரவரி 11, புதன்

நிரோமியின் கால்.


பெப்ரவரி 12, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. எழுதாவிட்டால் தலைக்குள் அதுவே திரும்பத் திரும்ப ஓடுகிறது.

தண்ணீர் எடுக்கிற வரிசையில் அவளை நிற்பாட்டிவிட்டு நான் இரண்டாவது குடம் எடுக்கத் தறப்பாளுக்கு வந்தேன். இவர் அந்தப் பக்கம்தான் எங்கோ நின்றார். சத்தம் கேட்டதாக ஞாபகம் இல்லை. மணல் எழும்பியது. நான் ஓடினேன். புகைக்கு நடுவே அவர் முழங்காலில் நிற்பதைக் கண்டேன். அவருக்கு முன்னால் நிரோமி.

இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

பள்ளிக்கூடக் கட்டடத்தில்தான் ஆஸ்பத்திரி. பிள்ளைகள் இருந்து படிக்கிற வாங்குகளைச் சேர்த்து வைத்து, அதில் கிடத்தி வெட்டினார்கள். மயக்க மருந்து கொஞ்சம்தான் இருக்கு, தண்ணி கலந்து குடுக்கிறம் என்று டொக்டர் சொன்னார். நான் பிள்ளையின் தலையைப் பிடித்தேன். அவள் தோளை இவர் பிடித்தார். அவர் அழுதுகொண்டு நின்றார். நான் அழவில்லை. அவருடைய முகத்தையும் பார்க்கவில்லை.


பெப்ரவரி 14, சனி

அவரோடு கதைக்கவில்லை.

கனகசூரியம் அண்ணை சோறு கொண்டுவந்தார். "தங்கச்சி, அவன் ரெண்டு நாளாச் சாப்பிடேல்லை. ஒரு வார்த்தை சொல்லன்" என்றார். நான் நிரோமிக்கு விசிறிக்கொண்டிருந்தேன்.

எழுதிவிடுகிறேன். புகை விலகியபோது அவர் கையில் கமரா இருந்தது. பிள்ளையின் முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். பிள்ளை மணலில் கிடக்கிறாள், கால் இல்லை, தகப்பன் கமராவைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். நான் போய்ச் சேர்ந்த பிறகுதான் அதைக் கீழே விட்டார். நான் கண்ணால் கண்டேன்.

செத்தவர்களுக்குப் பட்டன் பூட்டுகிற மனிசன்.


பெப்ரவரி 17, செவ்வாய்

காயக்காரரை ஏற்றி அரசாங்கப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நாளைக்குக் கப்பல் வருமாம். நிரோமியின் பேர் இருக்கிறது. கூட ஒரு ஆள்தான் போகலாம்.

டொக்டர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "ஆர் போறது?"

"மெற்றில்டா போகட்டும்" என்றார் இவர் உடனே. யோசிக்கவும் இல்லை. படம் எடுக்க இங்கே இன்னும் இருக்கிறதுதானே என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது. ஆம்பிளைகள் போய் இறங்கினால் பிடித்து விசாரிப்பார்கள் என்று பக்கத்தில் இருந்த ஒரு மனுசி சொன்னா. அதுவும் காரணமாக இருக்கலாம்.

நிரோமியின் இரண்டு சட்டை, துவாய், செபமாலை, இந்தக் கொப்பி. வேறு சாமான் இல்லை.


பெப்ரவரி 18, புதன்

கப்பல் ஆழத்தில் நின்றது. கரையில் இருந்து மீன்பிடி வள்ளத்தில் ஏற்றினார்கள். அவர் நிரோமியைத் தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு நெஞ்சளவு தண்ணீருக்குள் வந்தார். சேலைன் போத்தலை ஒரு கையால் உயர்த்திப் பிடித்திருந்தார். கமராவைக் கொண்டுவரவில்லை. அதை அப்போது நான் கவனிக்கவில்லை. இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

"அப்பா எப்ப வருவீங்கள்?" என்று நிரோமி கேட்டாள்.

"அடுத்த கப்பலில."

"பொய்."

"அதுக்கு அடுத்ததில" என்றார். அவள் சிரித்தாள், அந்த வேதனைக்குள்ளும்.

என்னைப் பார்த்து, "மெற்றி, நீயும் சாப்பிடு. பிள்ளைக்கு மட்டும் குடுத்துப்போட்டு இருக்காதை" என்றார். வள்ளத்தைத் தள்ளிவிட்டார்கள். நான் நிரோமியின் துணியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது அலையில் நிறையத் தலைகள் நின்றன. எது அவருடையது என்று தெரியவில்லை.


பெப்ரவரி 25, புதன்

விபூதிப் புதன், தவக்காலம் தொடங்குகிறது. இந்த ஆஸ்பத்திரியில் கட்டில் இருக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறது, மின்விசிறி சுத்துகிறது. விசிறிச் சத்தத்துக்கு நிரோமி கட்டிலுக்குக் கீழே இறங்கப் பார்க்கிறாள். வாசலில் துவக்கோடு காவல். வெளியே போக விடமாட்டார்கள்.

பதியும்போது கணவர் எங்கே என்று கேட்டார்கள். வன்னியில், வியாபாரம் என்றேன். கமரா என்ற சொல்லை எடுக்கவில்லை. இந்தக் கொப்பியின் முன்பக்கங்களைக் கிழித்து எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. நிரோமியின் துணிகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன்.

வார்ட்டில் வேலை செய்கிற குசுமா என்ற சிங்கள மனுசிக்குக் கொஞ்சம் தமிழ் வரும். "அம்மா, சாப்பிட. பிள்ளை பாவம்" என்று தன் வீட்டுச் சம்பல் கொண்டுவந்து தந்தா.


மார்ச் 14, சனி

புண்ணில் சீழ் வைத்து, இன்னும் கொஞ்சம் மேலே வெட்டினார்கள். இந்த முறை மயக்க மருந்து ஒழுங்காகக் கொடுத்தார்கள். அதுக்கே நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

போன கிழமை வந்த கப்பலில் ஒரு தாய் வந்திறங்கினா. நிரோமியின் அப்பாவைக் கண்டதாம். "பிள்ளை சாப்பிடுதோ, தாய் சாப்பிடுதோ எண்டு கேக்கச் சொன்னவர்" என்றா. "ஆள் நல்லா மெலிஞ்சு போனார். எங்க செல் விழுந்தாலும் அங்க நிண்டு படம் எடுக்கிறார்" என்றும் சொன்னா. சத்தமாகச் சொல்ல வேண்டாம் என்று கையைப் பிடித்தேன்.

நான் அவருக்குச் சொல்லி அனுப்ப ஒரு வழியும் இல்லை. இருந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.


ஏப்ரல் 3, வெள்ளி

காயக்காரரைப் பார்க்கக் கன்னியாஸ்திரிகள் இரண்டு பேர் வந்தார்கள். இளையவ பேர் சிஸ்டர் பெனடிக்ரா. நிரோமியைப் பார்த்ததும் நின்றுவிட்டா. என் காதுக்குக் கிட்டக் குனிந்து சொன்னா:

"இந்தப் பிள்ளையின்ர படத்தை நான் கொம்பியூட்டரில பாத்தனான். உலகம் முழுக்கப் போயிருக்கு."

எனக்கு உடம்பு கூசியது. "கால் இல்லாமல் கிடக்கிற படமோ?"

"இல்லையே. கால் ஒண்டும் தெரியாது. முகம் மட்டும்தான். நேர கமராவைப் பாத்துக்கொண்டிருக்கிறா. கண் இரண்டும்..." சிஸ்டர் முடிக்கவில்லை. "ஆர் எடுத்ததெண்டு பேர் இல்லை."

ஆர் எடுத்ததெண்டு நானும் சொல்லவில்லை. காலை விட்டுவிட்டு முகத்தை மட்டும் ஏன் எடுத்தார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். படத்துக்கு வடிவு பார்த்திருப்பார். அது அவருடைய தொழில்தானே.


ஏப்ரல் 12, ஞாயிறு

உயிர்த்த ஞாயிறு. குசுமா ஒரு முட்டை கொண்டுவந்தா. நிரோமி பாதியை எனக்குத் தந்தாள். ஊன்றுகோலில் கட்டிலைச் சுற்றி வந்தாள்.


ஏப்ரல் 25, சனி

கடல்நீரேரிக்குள்ளால் பெருந்தொகைச் சனம் இந்தப் பக்கம் வந்துவிட்டதாம். வார்ட்டில் இதே கதைதான். அவரும் வந்திருப்பார். முகாம்களில் தேடினால் கிடைப்பார் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

குசுமா பாண் சுற்றிவந்த சிங்களப் பேப்பரை நிரோமி கேட்டு வாங்கி மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறாள். எழுத்து விளங்காது. படம் பார்க்கத்தானே, விட்டுவிட்டேன். அவள் பாணைத் தொடவில்லை. காய்ச்சலோ என்று தொட்டுப் பார்த்தேன், இல்லை.


ஏப்ரல் 26, ஞாயிறு

இன்றைக்கும் சாப்பிடவில்லை. வயிற்றுக்குத்து என்கிறாள். சீப்பால் தலை இழுத்துவிட வந்தால் தலையணையை விட்டு எழும்ப மாட்டாளாம். புண்ணில் ஒன்றும் இல்லை என்று டொக்டர் சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.


ஏப்ரல் 28, செவ்வாய்

பகல் பத்து மணிபோல விசாரணைக்காரர் வந்தார்கள். ஒரு அதிகாரி, கூட ஒரு தமிழ்ப் பெடியன் மொழிபெயர்க்க. கட்டில் கட்டிலாகக் கொஞ்சப் படங்களைக் காட்டிக்கொண்டு வந்தார்கள். செத்தவர்களின் படங்கள். தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லட்டாம்.

எங்களிடம் வந்தார்கள். நாலைந்து படம் போனது. பிறகு ஒரு பேப்பர்த் துண்டு. மணலில் மல்லாக்க ஒரு ஆள். சேர்ட் நெஞ்சு வரைக்கும் ஏறியிருந்தது. பட்டன் எல்லாம் திறந்து கிடந்தது. இடுப்பில் நீலப் பட்டி, பக்கத்துப் பக்கத்தில் சின்னப் பைகள், சிவப்புத் தையல்.

முகத்தை நான் கடைசியாகத்தான் பார்த்தேன்.

"இவரைத் தெரியுமோ அம்மா?" என்று அந்தப் பெடியன் கேட்டான்.

"கீழ என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. குரல் வேறு ஆருடையதோ மாதிரி இருந்தது.

பெடியன் வாசித்தான். "தற்கொலைக் குண்டுப் பட்டியோட வந்த பயங்கரவாதி எண்டு போட்டிருக்கினம்."

"தெரியாது" என்றேன்.

அதிகாரி என்னையே பார்த்தார். சிங்களத்தில் ஏதோ சொன்னார். "வடிவாப் பாருங்கோவாம். உங்கட பக்கத்து ஆள் மாதிரி இல்லையோ எண்டு கேக்கிறார்."

"எனக்குத் தெரியாது ஐயா. காணேல்லை."

அதிகாரி குனிந்து அந்தத் துண்டை நிரோமியின் முகத்துக்கு நேரே பிடித்தார். நான் அவளைப் பார்த்தேன். அவள் படத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "தெரியாது" என்றாள்.

அடுத்த கட்டிலுக்குப் போனார்கள்.

அவர்கள் போன பிறகு தலையணையைத் தூக்கினேன். அதே பேப்பர். அதே படம். சனிக்கிழமையில் இருந்து அவளுக்குத் தெரியும்.


ஏப்ரல் 29, புதன்

துணி தோய்த்தேன். காயப் போட்டேன். திரும்ப எடுத்துத் தோய்த்தேன்.


மே 1, வெள்ளி

அழ முடியாது. அழுதால் ஏன் என்று கேட்பார்கள். ஆருக்கோ அழுகிறேன் என்று சொல்லலாம், இங்கே எல்லாருக்கும் செத்த ஆரோ இருக்கிறார்கள், ஆனால் எனக்குப் பயம். அவர் என்னுடையவர் என்று சொன்னால் நாங்கள் குண்டுக்காரன் குடும்பம். பிள்ளையைப் பிரித்து எங்காவது கொண்டுபோனால் என்ன செய்வேன்.

கட்டில் விரிப்பைச் சரிசெய்யும்போது நிரோமி பேப்பரை எடுத்து என்னிடம் தந்தாள். ஆறு வருஷம் ஸ்ரூடியோவில் படம் வெட்டியவள் நான். பார்த்ததும் தெரிந்தது. அந்தப் படத்தை வலது பக்கத்தில் வெட்டியிருக்கிறார்கள். வலது கை மணிக்கட்டோடு நிற்கிறது. அதற்கு அங்கால் என்ன இருந்தது என்று பேப்பரில் இல்லை.


மே 12, செவ்வாய்

முகாமுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். வெள்ளைக் கூடாரம், முட்கம்பி, செம்மண். தண்ணீருக்குப் பெரிய வரிசை. ஒரு கூடாரத்துக்குள் மூன்று குடும்பம். நிரோமியின் ஊன்றுகோல் மண்ணில் புதைகிறது.


மே 16, சனி

நிரோமிக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். இடது காலைத் தேடி என் கை போய்விட்டது. அவள் கண்டுவிட்டாள்.

"அம்மா, அண்டைக்கு நீங்கள் ஏன் அப்பாவோட கோவிச்சனீங்கள்?"

நான் வலது கால் நகத்தை வெட்டினேன்.

"படம் எடுத்ததெண்டோ?"

"ஓம்" என்றேன்.

மண்ணைக் கீறினாள். பிறகு சொன்னாள். "நான் காலைப் பாக்க வெளிக்கிட்டனான். அப்பா ஓடிவந்து, கீழ பாக்காதை, இஞ்ச பார், கமராவைப் பார் எண்டவர். ஸ்ரூடியோவில சின்னப் பிள்ளையளுக்குச் சொல்லுற மாதிரி. கண்ணை எடுத்தாப் படம் பழுதாப் போயிடும் எண்டு சொன்னவர். நான் பாத்துக்கொண்டிருந்தனான்."

"மற்றக் கை?"

"மற்றக் கையாலதானே உடுத்திருந்த சாரத்தைக் கிழிச்சுக் கட்டினவர். முழங்காலால என்ர தொடையை அமத்திக்கொண்டு. பல்லாலயும் இழுத்தவர். நீங்கள் வந்தாப் பிறகுதான் கமராவை விட்டவர்."

சாரம். கால் கட்டியிருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அதை அவிழ்த்த டொக்டர், ஆர் கட்டினது, நல்லாக் கட்டியிருக்கு என்று சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. ஆர் என்று நான் யோசிக்கவே இல்லை. நான் கண்டது கமராவை மட்டும்.

அவர் படம் எடுத்தார்தான். அதுவும் உண்மை. அதை வெளியே அனுப்பியும் இருக்கிறார். இரண்டையும் எப்படிச் சேர்த்து வைக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் இருந்தால் கேட்டிருப்பேன்.


மே 24, ஞாயிறு

தண்ணீர் வரிசையில் கனகசூரியம் அண்ணை. முதலில் அடையாளம் தெரியவில்லை. தாடி, ஒரு தோளில் கட்டு. அக்கா வரவில்லை. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவருடைய குடத்தை வாங்கி என் குடத்துக்கு முன்னால் வைத்தேன்.

"தங்கச்சி, நேசனைப் பற்றி..."

"தெரியும் அண்ணை. படம் பாத்தனான்."

கூடாரத்துக்கு வெளியே இருந்து சொன்னார். நிரோமியை உள்ளே இருக்கச் சொன்னேன், அவள் வந்து பக்கத்தில் இருந்தாள். இருக்க விட்டேன்.

சனம் நீரேரிக்குள் இறங்கின விடியற்காலை. கழுத்தளவு தண்ணீர். பிள்ளைகளைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். அண்ணை கடந்து இந்தக் கரைக்கு வந்துவிட்டார். நிரோமியின் அப்பாவும் வந்துவிட்டார்.

"கரைக்கு வந்தவன் திரும்பவும் தண்ணிக்குள்ள இறங்கினான் தங்கச்சி. டேய் வாடா எண்டு கத்தினன். பின்னால வாற சனத்தை முன்னால இருந்து எடுக்கவேணும் எண்டான். எல்லாரும் முதுகைத்தானே எடுக்கினம், முகம் ஒண்டும் இல்லை எண்டான். இடுப்பளவு தண்ணியில நிண்டு கமராவை உயத்திப் பிடிச்சுக்கொண்டு எடுத்தான். ஒரு தாய் பிள்ளையோட விழப் போனா. கமராவைக் கழுத்தில விட்டிட்டு அந்தப் பிள்ளையை வாங்கிக் கரையில எறியிற மாதிரி என்னட்டத் தந்தான். திரும்பவும் போனான்."

அண்ணை முகத்தைத் துடைத்தார்.

"ரெண்டு பக்கத்தாலயும் வெடி. எதில பட்டதெண்டு சொல்ல ஏலாது. தண்ணிக்குள்ள இருந்து இழுத்துக் கரையில கிடத்தினன். ஒண்டும் கதைக்கேல்லை. மூச்சு நிண்டிட்டுது. எனக்கும் தோளில பட்டுட்டுது. புதைக்க நேரமில்லை, சனம் தள்ளிக்கொண்டு போகுது. கமரா கையில வார்ப்பட்டியோட சுத்தியிருந்தது. நான் கழட்டேல்லை. அவன்ர சாமான் அவனோட கிடக்கட்டும் எண்டு விட்டன்."

"எந்தக் கை அண்ணை?"

"வலது" என்றார்.


மே 25, திங்கள்

கூடாரத்துக்குள் வெக்கை. பருப்பு வேகவில்லை.

நிரோமியிடம் பக்கத்துக் கூடாரப் பிள்ளை ஒன்று கேட்டது, உன்ர அப்பா எங்க என்று. நிரோமி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் பார்த்த அதே பார்வை. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று என் முகத்தில் வாசிக்கிறாள். பிறகு அந்தப் பிள்ளைக்கு, "தெரியாது" என்றாள்.


மே 29, வெள்ளி

காலையில் நிரோமிக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டு, அண்ணையிடம் இருக்கச் சொன்னேன். தானும் வருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு முன்னால் போனாள்.

விசாரணை நடக்கிற தகரக் கொட்டில் வாசலில் நின்று, ஒரு ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றேன். நிறைய நேரம் வெயிலில் இருக்கவைத்தார்கள். உள்ளே வேறொரு அதிகாரி. மொழிபெயர்க்க ஒரு பொம்பிளைப் பிள்ளை. பேப்பரை மேசையில் விரித்தேன். மடிப்பில் கிழிந்துபோய் இருந்தது.

"இது என்ர மனுசன்" என்றேன்.

அந்தப் பிள்ளை மொழிபெயர்க்காமல் என்னைப் பார்த்தா. "அம்மா, யோசிச்சுச் சொல்லுங்கோ" என்று மெல்லச் சொன்னா.

"யோசிச்சுத்தான் வந்தனான். சொல்லுங்கோ."

சொன்னா. அதிகாரி பேனையை எடுத்தார். பேர் கேட்டார். கலியாணம் கட்டி இத்தனை காலத்தில் நான் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அங்கே சொன்னேன். செபஸ்தியாம்பிள்ளை அருள்நேசன். எழுத்துக் கூட்டியும் சொன்னேன், பிழையாக எழுதாமல் இருக்க.

"குண்டுப் பட்டி கட்டியிருந்தவர் எண்டு இதில போட்டிருக்கு" என்று கேட்பித்தார்.

"அது நான் தைச்ச பட்டி. கமராப் பற்றரி வைக்க. படம் எடுக்கிறவர். முதல் கலியாணப் படம் எடுத்தவர், பிறகு சண்டையைப் படம் எடுத்தவர். இந்தப் படத்தில வலது பக்கத்தை வெட்டியிருக்கினம். வெட்டாத படம் உங்களிட்ட இருந்தா எடுத்துப் பாருங்கோ. கையில கமரா இருக்கும்."

வெட்டாத படம் தன்னிடம் இல்லை என்றார் அதிகாரி. இருந்தாலும் காட்ட மாட்டார்கள் என்று அந்தப் பிள்ளையின் முகம் சொன்னது. உடல் எங்கே என்று கேட்டேன். தெரியாதாம். எடுத்த படங்கள் எங்கே, ஆருக்கு அனுப்பினவர் என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மை. திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மத்தியானம் தாண்டிவிட்டது. தண்ணீர் தந்தார்கள்.

பிறகு அதிகாரி பழைய தாள் ஒன்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். அந்தப் பிள்ளை தயங்கித் தயங்கிச் சொன்னா. "ஆஸ்பத்திரியில கேட்டபோது தெரியாதெண்டு சொல்லியிருக்கிறீங்கள். இப்ப வந்து மனுசன் எண்டு சொல்லுறீங்கள். இப்ப ஏன் சொல்லுறீங்கள் எண்டு கேக்கிறார்."

நிரோமி வாசலில், கம்பத்தில் சாய்ந்து நின்றாள். உட்காரச் சொல்லி ஆரோ கதிரை போட்டிருந்தார்கள், உட்காரவில்லை.

"என்ர வாயாலதான் என்ர பிள்ளை தகப்பனைத் தெரியாதெண்டு சொன்னவள்" என்றேன். "அதைத் திருப்பி எடுக்க வந்தனான்."

நாளைக்குத் திரும்ப வர வேண்டுமாம். என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. திரும்பி வரும்போது நிரோமி ஊன்றுகோலில் முன்னால் போனாள். கூடாரத்துக்குக் கிட்ட வந்ததும், தண்ணீர் வரிசையில் நின்ற அந்தப் பக்கத்துப் பிள்ளையைக் கூப்பிட்டாள். எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னாள்.

"என்ர அப்பா படம் எடுக்கிறவர். செத்துப்போனார்."

வரிசையில் நின்ற சனம் திரும்பிப் பார்த்தது. ஒரு மனுசி குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் துக்கம் கேட்க என்னிடம் வந்தா.